மூலைக் கட்டம்

பதுளை பஸாரில் துண்டுத் துணி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அதைக் கடை என்று சொன்னால் கடைக்காரருக்கே சிரிப்பு வரும். இரண்டு புடைவைக் கடைகளுக்கு நடுவே ஒரு கதவு அகலத்துக்கு உள்ளே நீளும் இடுக்கு அது. கார்மெண்ட் தொழிற்சாலைகளில் வெட்டி மிஞ்சிய துணியை மூட்டை மூட்டையாக இறக்கி, நிறுத்து விற்பார். தையற்காரிகள் வருவார்கள், கால்மிதி பின்னுகிறவர்கள் வருவார்கள். கம்பஸில் முதலாம் வருடம் படித்துக்கொண்டிருந்த நான் அங்கே போனது மழைக்கு ஒதுங்கத்தான்.

மூட்டைகளுக்குப் பின்னால் ஓர் அட்டைப் பெட்டியில் சின்னச் சின்னக் கட்டுகள் இருந்தன. பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவுச் சதுரங்கள். உள்ளங்கையை விரித்து வைத்தால் விரல் நுனிகள் மட்டும் வெளியே நீட்டும். விளிம்பு முழுக்கப் பல் பல்லாக வெட்டியிருந்தது. துணி வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் காட்டுவதற்காக வெட்டிய மாதிரித் துண்டுகளாம் அவை. கோடு போட்டது, புள்ளி போட்டது, பூப் போட்டது என்று ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அளவு மட்டும் அச்சில் வார்த்த மாதிரி.

"இத வெச்சி என்ன செய்யப் போற மகள்?" என்று கடைக்கார நானா கேட்டார்.

"போர்வை தைக்கப் போறேன் நானா."

"போர்வ தைச்சதே பக்கத்துக் கடையில இரிக்கே!"

"அது வேணாங்க. எனக்கு இதுதான் வேணும்."

போனில் யாரோ இப்படிச் சதுரங்களைச் சேர்த்துப் போர்வை தைப்பதைப் பார்த்திருந்தேனே தவிர, அதுவரை நான் சட்டைக்குப் பொத்தான் தைத்ததோடு சரி. ஆனால் ஒருவர் எதற்கு என்று கேட்டுவிட்டால் அதைச் செய்துகாட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. அம்மா இதைப் பிடிவாதம் என்பாள். நான் உறுதி என்பேன். இந்த வழக்கு எங்கள் இருவருக்கும் இடையில் நான் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நடக்கிறது.

வெட்டிய துணிதானே, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊசியை ஓட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அங்கேதான் மண்ணைக் கவ்வினேன். விளிம்பிலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். அந்தக் கால் அங்குலத்தைப் பல்லின் நுனியிலிருந்து அளப்பதா, பல்லுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்திலிருந்து அளப்பதா என்று நான் யோசிக்கவே இல்லை. அந்தந்த நேரத்தில் எது கண்ணில் பட்டதோ அதிலிருந்து அளந்தேன். ஒரு துண்டில் அது மயிரிழை வித்தியாசம். ஒரு வரிசை முடியும்போது விரல் அகலம். வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்க உட்கார்ந்தால் எந்த மூலையும் எந்த மூலையோடும் சேர மாட்டேன் என்றது.

என்னோடு ஒரே போர்டிங்கில், ஒரே அறையில் இருந்தவள் தெமோதரைக்காரி. நான் பெருமையாக விரித்துக் காட்டியதை அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது போர்வையா, பசறை ரோட்டாடி?"

வளைந்து நெளிந்து போகும் பசறை ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தக் கேலியின் ஆழம் தெரியும். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எல்லாத் தையலையும் பிரித்தேன். இனி எப்போதும் பல்லின் நுனியிலிருந்துதான் அளப்பது என்று முடிவெடுத்து, மறுபடி முதலிலிருந்து தைத்தேன். பரீட்சைக்குப் படிக்கும்போது மடியில் துணி இருக்கும். ஒரு பக்கம் படித்தால் ஒரு பக்கம் தைப்பேன். அந்த முதல் போர்வை இப்போது தெமோதரைக்காரியின் கட்டிலில் கிடக்கிறது. கேட்டாலும் திருப்பித் தர மாட்டாள்.

இரண்டாவது போர்வையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு மடுல்சீமைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. அம்மாவும் அக்காவும் கொழுந்து எடுப்பவர்கள். அத்தானுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வந்து போவார். நான் இரண்டாம் வருடம் போன சமயத்தில் அக்கா கர்ப்பமாக இருந்தாள். அந்தச் செய்தியை அம்மா எனக்குப் போனில் சொன்ன விதம் இது: "அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல. நல்லபடியாத்தான் இருக்கா." எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வருவதற்குள் அம்மா பேச்சை மாற்றிவிட்டாள்.

அது அக்காவுக்கு இரண்டாவது. முதல் குழந்தை நிறைமாதத்தில் பிறந்து, ஒரு பகல்கூட முழுதாக இருக்கவில்லை. அந்தக் குழந்தைக்காக எல்லாம் தயாராக இருந்தது. தொட்டில் கட்டக் கயிறும் சேலையும் எடுத்து வைத்திருந்தோம். பவுடர் டப்பா வாங்கியிருந்தோம். அக்கா கையாலேயே மெல்லிய சீத்தைத் துணியில் சின்னச் சின்னச் சட்டைகள் தைத்து, துவைத்து, மடித்து அடுக்கியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வெறுங்கையோடு வந்து இறங்கியபோது, லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று சொன்னது ஒன்றுதான். பிறக்கும் முன்னே எல்லாவற்றையும் சேர்த்து வைத்தீர்கள், கண் பட்டுவிட்டது. அம்மா அதை அப்படியே நம்பினாள். அன்றைக்கே சட்டைகளை எல்லாம் யாருக்கோ கொடுத்தனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் குழந்தையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்வதில்லை. பேசாவிட்டால் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஆகவே இந்தத் தடவை எதுவும் தயார் செய்யக் கூடாது. ஒரு துணி கூடாது, ஒரு டப்பா கூடாது. பெயரைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது. லீவுக்கு வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். வயிறு முன்னே வந்திருந்தது. அக்கா அதை மறந்தும் தொடவில்லை. வயிற்றில் கை வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதுபோல் இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம்பிக்கை வைக்கக்கூடப் பயந்து ஒருத்தி பத்து மாதம் சுமப்பதா?

இந்தக் குழந்தைக்கு ஒரு போர்வை தைத்தே தீருவது என்று அங்கேயே முடிவெடுத்தேன். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை.

பதுளைக்குத் திரும்பியதும் நேரே நானாவின் கடைக்குப் போய் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தேன். பொறுக்கியது எல்லாம் பருத்தி. கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்து, சுருக்கம் விழுந்தால் வைத்துக்கொண்டேன். விழாமல் வழுக்கினால் திருப்பிப் போட்டேன். நடுவில் வைக்க ஒரு பழைய பிளனல் விரிப்பு இருந்தது. குழந்தையின் மேலே படுகிற அடிப்பக்கத்துக்குத்தான் யோசனையாக இருந்தது. பச்சைக் குழந்தையின் உடம்பில் புதுத்துணி படக்கூடாது, துவைத்துத் துவைத்து மெலிந்த துணிதான் படவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் எனக்குச் சண்டை இல்லை. அது நல்ல வழக்கம். அடுத்த தடவை வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் ஒரு பழைய சேலை கேட்டேன்.

"எதுக்கு?"

"போர்டிங்ல தரை தொடைக்க."

கிழிந்த சேலை ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை எடுக்காமல் பெட்டியைத் திறந்து, மெல்லிய வொயில் சேலை ஒன்றை எடுத்தாள். நைந்திருந்தாலும் ஒரு கிழிசல் இல்லை. துவைத்து வெயிலில் காயப்போட்டு மறுநாள் என் பையில் வைத்தாள். தரைக்கு எதற்கு இவ்வளவு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது மட்டும், அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"எத செஞ்சாலும் முழுசா முடிச்சு வச்சுறாத. அவ்வளவுதான் சொல்லுவேன்."



வரிசை வரிசையாகச் சேர்த்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு மூலையும் அடுத்த மூலையோடு சரியாக உட்கார்ந்தது. மேல்துணி, பிளனல், சேலை மூன்றையும் அடுக்கிப் பிடித்து ஓட்டுத்தையல் போட்டேன். அம்மா சொன்னதை மீறுவதா, கேட்பதா என்று எனக்குள் பெரிய வாக்குவாதம். கடைசியில், வாழ்க்கையில் முதல்முறையாக என்று நினைக்கிறேன், பாதி விட்டுக்கொடுத்தேன். ஒரு மூலையில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வைக்கவில்லை. அந்த இடத்தில் உள்ளே இருந்த பிளனல் தெரிந்தது. அதற்கான சதுரத்தைத் தனியே எடுத்துப் பத்திரமாக வைத்தேன். பிறந்த பிறகு தைத்துக்கொள்ளலாம்.

எங்கள் தோட்டத்து ரோடு மழைக்காலத்தில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. ஆகவே நாள் நெருங்கும் முன்பே அக்காவைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தினமும் பின்னேரம், பார்வையாளர் நேரத்தில் போவேன். போர்வை என் பையின் அடியில் இருக்கும். அதை ஏன் சுமந்துகொண்டு திரிந்தேன் என்று கேட்டால், போர்டிங்கில் விட்டுவர மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் நான் சுடுதண்ணீர் எடுத்துவரப் போன நேரத்தில் அக்கா சீப்பு தேடி என் பையைத் திறந்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது போர்வை அவள் மடியில் விரிந்து கிடந்தது. பிளாஸ்க்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"ஏண்டி இந்த மூலை மட்டும் மொட்டையா இருக்கு?"

"அம்மா முழுசா முடிக்க வேணாம்னு சொன்னாங்க."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். அவள் கட்டிலுக்கு அடியில் இருந்த தன் பையை இழுத்து, உடுப்புகளை எல்லாம் தள்ளி, அடியிலிருந்து ஒரு ஷொப்பிங் பையை எடுத்தாள். அதற்குள் ஒரு சட்டை. மஞ்சள் பூப் போட்ட வெள்ளைச் சீத்தைத் துணி. ஒரு சாண் அகலம்கூட இல்லை. எல்லாச் சட்டைகளையும் அம்மா கொடுத்தனுப்பிய அன்று, இந்த ஒன்றை மட்டும் தலையணை உறைக்குள் மறைத்திருக்கிறாள். மூன்று வருடமாக இது எங்கள் யாருக்கும் தெரியாது.

"கத்திரி இருக்கா?"

"அக்கா, அதுக்குச் சரியான துண்டு நான் வச்சிருக்கேன். அளவெல்லாம் பார்த்து..."

"அத வேற எதுக்காச்சும் வச்சுக்க."

என் தையல் டப்பாவிலிருந்து கத்திரியை எடுத்து, சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கண்மதிப்பாக வெட்டினாள். இடத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. டேப்பை எடுத்தேன்.

"அளக்காதடி" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம்! துண்டை இழுத்துப் பிடித்து, விளிம்பை மடித்து, அவளே தைத்தாள். ஒரு பக்கம் சுருங்கி நின்றது. என் போர்வையில் கோணலாக இருந்த கட்டம் அது ஒன்றுதான். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு அந்தப் போர்வையைத் தன் வயிற்றின்மேல் போட்டு, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"பொறக்கட்டும்" என்றாள். "நான் ரெடியாத்தான் இருக்கேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பயம் வந்தது; அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. இனி ஏதாவது நடந்தால், தைத்தவள் நான்தான் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டு கத்திரியை எடுத்து உள்ளே வைத்தேன்.

குழந்தை ஒரு புதன்கிழமை காலையில் பிறந்தது. பெண். வார்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்கும்படி கத்தினாள். எங்கள் குடும்பத்துத் தொண்டை. முதல் நாளே மடுல்சீமை பஸ்ஸில் வந்திருந்த அம்மா, பழந்துணிகளை மார்போடு அணைத்தபடி என் பக்கத்தில் நின்றாள். குழந்தையின் சத்தம் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் எங்களை உள்ளே விட்டார்கள். அக்கா களைத்துக் கிடந்தாள். குழந்தையைப் பழந்துணியில் சுற்றிப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். வெளியே தூறல். நர்ஸ் மிஸ்ஸி வந்து பார்த்துவிட்டு, குளிராக இருக்கிறது, இன்னொரு துணி போடுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனாள். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணைக் காட்டினாள். பையிலிருந்து போர்வையை எடுத்து உதறினேன்.

அம்மா முதலில் அடிப்பக்கத்தைத்தான் பிடித்துப் பார்த்தாள்.

"தரை தொடைக்கதானே கேட்ட?"

அவள் போர்வையைத் திருப்பினாள். கை ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து அந்த மூலைக்கு வந்து நின்றது. மஞ்சள் பூ, வெள்ளைச் சீத்தை. அம்மாவுக்கு அந்தத் துணியை அடையாளம் தெரியாமல் இருக்காது. பஸாரில் அதைக் கிழித்து வாங்கியவளே அவள்தான். இப்போது வெடிக்கப் போகிறது என்று காத்திருந்தேன். போன குழந்தையின் துணியை வந்தவள் மேல் போடுவதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு இருந்தேன். அம்மாவோ, சுருங்கி நின்ற பக்கத்தைப் பெருவிரலால் நீவி நீவிவிட்டாள்.

அவள் கையிலிருந்து போர்வையை வாங்கிக் குழந்தையின்மேல் போட்டேன். அவசரத்தில் அந்த மூலை குழந்தையின் கால்மாட்டில் விழுந்தது.

"கால் பக்கம் போடாத" என்றாள் அம்மா. "அது கால்ல படக்கூடாது. தலைமாட்டுல வை. அவன் மூத்தவன்."

நான் போர்வையைத் திருப்பிப் போட்டேன்.