ஸ்தோத்திரம் சொல்லாத தந்தி

தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சின்னத் தபால் ஆபீஸில் யேசுதாசன் தபால்காரர். கல்யாணப் பத்திரிகையோ கோர்ட்டு நோட்டீஸோ, எதைக் கொடுத்தாலும் கூடவே ஒரு "ஸ்தோத்திரம்!" சேர்த்துத்தான் கொடுப்பார். சைக்கிள் பஞ்சரானாலும் அதே ஸ்தோத்திரம்தான். கேட்டுக் கேட்டுக் கர்த்தருக்கே அலுத்துப்போயிருக்கலாம்.

1986ல் வந்தது வினை. கங்கையம்மாளிடம் ஒரு தந்தியை நீட்டி, வழக்கம்போல் சொல்லித் தொலைத்தார். அரக்கோணத்தில் அவளுடைய அண்ணன் இறந்த செய்தி அது. ஒட்டிய தந்திக்குள் என்ன இருக்கிறதென்று யேசுதாசன் கண்டாரா? அவள் விடவில்லை. தெருவையே திரட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் பூட்டாருன்னு தந்தி வந்துகீது, இந்தாளு ஸ்தோத்திரம்ன்றான்! இன்னா சார் இது?"

போஸ்ட்மாஸ்டர் ஸ்ரீநிவாசன் நெற்றி நாமம் சுருங்க யோசித்தார். வருகிற தந்திகளைக் கேட்டு எழுதுபவர் அவர்தான்.

"நல்லதா கெட்டதான்னு நானே சொல்லிடறேன், யேசுதாசன். நல்லதுன்னா உங்க ஸ்தோத்திரத்தைச் சொல்லுங்கோ. கெட்டதுன்னா வாயைத் திறக்காம குடுத்துட்டு வந்துடுங்கோ."

வேலை முக்கியம். யேசுதாசன் தலையாட்டினார். கடவுளுக்கும் டூட்டி நேரம் போட்டுவிட்டோமே என்று மனசு மட்டும் அரித்துக்கொண்டிருந்தது.

அவர் பேசாமல் தந்தியை நீட்டினால் கெட்ட செய்தி என்ற சங்கதி இரண்டே மாதத்தில் ஊருக்குப் புரிந்துவிட்டது. ஒருநாள் பல்வலியில் கன்னம் வீங்கி, அவர் பேசாமல் தந்தியை நீட்ட, லக்ஷ்மிநாராயணன் வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பக்கத்து வீட்டார் மாலையோடு வந்து சேர்ந்த பிறகுதான் யாரோ தந்தியைப் பிரித்தார்கள். மகனுக்கு பாங்கில் வேலை கிடைத்திருந்தது.

அடுத்த ஐப்பசியில் யேசுதாசனின் மனைவி காந்திமதி, மகளைப் பார்க்கத் திருச்சிக்குப் போயிருந்தாள். ஒரு காலை அவர் தபால்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஸ்ரீநிவாசன் எதிரில் வந்து நின்றார். கையில் ஒரு தந்தி. வாயைத் திறக்காமல் நீட்டினார்.

பிரிக்காமலே யேசுதாசனுக்குப் புரிந்துவிட்டது. ரூல் போட்டவரே அதைக் கடைப்பிடிக்கிறாரே! பிரித்தார். காந்திமதிதான். மாரடைப்பு.

ஸ்தோத்திரம் வரவில்லை. பஞ்சருக்கு வந்த வார்த்தை, வீங்கிய கன்னத்தோடும் மனசுக்குள் ஓடிய வார்த்தை, இப்போது வரவில்லை. எதற்காகச் சொல்ல வேண்டும் என்று கோபம்தான் வந்தது. ஸ்டாம்பு வாங்க வந்த கங்கையம்மாள் விஷயம் தெரிந்து, ஜன்னலுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள்.

இருபத்தெட்டு வருஷம் கர்த்தர் அவளை எனக்குக் கொடுத்து வைத்திருந்தாரே என்று தோன்றியபோதுதான் யேசுதாசனுக்கு அழுகை வந்தது. அழுது முடித்து, தந்தி பெற்றுக்கொண்டதற்கான ரசீதில் கையெழுத்துப் போட்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

"ஸ்தோத்திரம்."

ஸ்ரீநிவாசன் பதறிப்போனார். "யேசுதாசன், இது கெட்ட..."

"தெரியும் சார். நல்லதுக்கு மட்டும் சொல்றது ஆபீஸ் ரூலு. எனக்கு அது தோதுப்படாது சார்."

ஜன்னலுக்கு வெளியே கங்கையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணா," என்றாள், "எங்க அண்ணனுக்கும் சேத்து ஒரு வாட்டி சொல்லிடு."