முப்பது வாட்ஸ் பெட்டி

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் எங்கள் பக்கத்தில் மைக்செட் வாடகைக்கு விட்டவன் நான் ஒருவன்தான். தலைக்கனத்துக்குக் குறைவில்லை. இருந்த பதினைந்து வாட்ஸ் ஆம்பிளிபயர் பத்தாதென்று மதுரைக்குப் போய் முப்பது வாட்ஸில் ஒன்று வாங்கி வந்தேன். சக்தி இரட்டிப்பு, ஆகவே சத்தமும் இரட்டிப்பு என்று கம்பம் முழுக்க அளந்துவிட்டேன்.

அந்தச் சமயம் சுருளிப்பட்டியில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் காலை முறித்துக்கொண்டு, ஒரு மைல் தள்ளித் தன் தோப்பு வீட்டில் கட்டுப் போட்டுக் கிடந்தார். வரப்பில் தூக்கிவந்தால் எலும்பு விலகிவிடும் என்று வைத்தியர் தடுத்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் மாமன் உத்தரவு இல்லாமல் தாலி ஏறாது. முன்னாடியே ஆள் அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பெண் ஒத்துக்கொள்ளவில்லை. தகப்பனில்லாத தன்னை வளர்த்தவர் அவர், தாலி ஏறும் நேரத்தில் அவரே சொல்லவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில், மைக்கில் இவள் கேட்பது, அவர் ஒரு வேட்டுப் போட்டுப் பதில் சொல்வது என்று முடிவாயிற்று.

"ஒங்க பெட்டி அங்கன வரைக்கும் எட்டுமா?" என்று பெண்ணின் அம்மா கேட்டார்.

"மலை தாண்டிக் கேக்கும்" என்றேன்.

முதல் நாள் சாயங்காலம் இரண்டு பெட்டிகளையும் சோதித்தோம். தோப்பிலிருந்து சைக்கிளில் திரும்பிய பெண்ணின் அண்ணன், "பழசுல ஏதோ முனகுச்சு. புதுசுல அதே முனகல் கொஞ்சம் தெம்பா வந்துச்சு. அது என்ன பாட்டுன்னு மாமா கேட்டாக" என்றார். நான் பாட்டே போடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் முகத்தில் ஈயாடவில்லை. சக்தியை இரட்டித்தால் காதுக்குக் கூடுவது கொஞ்சம்தான், இரட்டிப்பாகக் கேட்கப் பத்து மடங்கு வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒலிபெருக்கிக் குழாயை வழக்கம்போலப் பந்தல் காலில், விருந்தாளிகள் காதைப் பார்த்துக் கட்டியிருந்தேன். அதைக் கழற்றித் தென்னை உச்சியில் ஏற்றி, வாயைத் தோப்புப் பக்கம் திருப்பினேன். அதற்குள் பொழுது போய்விட்டது. மறுபடி சோதிக்கவில்லை.

முகூர்த்த நேரத்தில் மேளத்தை நிறுத்தச் சொன்னேன். பெண் மைக்கைப் பிடித்தாள்.

"மாமா, நாந்தேன் பேசுறேன். கட்டச் சொல்லட்டுமா?"

பந்தலில் எல்லோரும் தோப்புப் பக்கம் திரும்பினார்கள்.

தோப்பிலிருந்து வேட்டு வெடித்தது. அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக் கழுத்தை நீட்டினாள். பேச்சு ஒரு வேட்டுதான். மேளக்காரர்கள் மேளத்தில் கைவைப்பதற்குள் இன்னொன்று வெடித்தது, பிறகு இன்னொன்று. வீட்டில் இருந்த அத்தனையையும் வெடித்துத் தீர்த்த பிறகுதான் அந்த மனுஷர் ஓய்ந்தார்.