கற்பூரம் மணத்த கத்தி

எனக்கு மடக்குக் கத்திப் பைத்தியம். மீன் வெட்டவும் உதவாத, மாங்காய் சீவவும் மனம் வராத பழைய கத்திகளைச் சேர்க்கிறவன் ஏறாவூரில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. நாங்கள் இருப்பது மனைவியின் வீடு. எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து அங்கே வந்தவன் நான். வீட்டைக் கட்டியது அவளுடைய மூத்த சகோதரர். அவளுக்குக் காக்கா, எனக்கு மச்சான். கத்தார் வெயிலில் காய்ந்து தங்கைக்காக எழுப்பினார். அதில் எனக்கென்று இருக்கும் இராச்சியம் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின் மட்டும்.

போன விடுமுறையில் மச்சான் எனக்கொரு கத்தி கொண்டுவந்தார். பழைய சாமான் சந்தையில் கண்டாராம். தேன் நிறப் பிடி, உள்ளே மேகம் ஓடுவதுபோல் வளைவுகள். அதை டின்னின் நடுவில் வைத்து, சுற்றிவர மற்றவற்றை அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். வாவிக்கரையில் வாழ்கிறவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்: உப்புக்காற்று படாமல் இறுக்கி மூடு. கேற், சைக்கிள், யன்னல் கம்பி என்று மூட முடியாத எல்லாவற்றையும் அந்தக் காற்று தின்றிருக்கிறது.

சில மாதங்களில் அலுமாரி மணக்கத் தொடங்கியது. கற்பூர வாசம். எங்கள் வீடுகளில் கற்பூரம் தேவைப்படுவது இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டும்போதுதான். கதவைத் திறந்த மனைவி அப்படியே பின்னால் போனாள்.

"இஞ்ச பாருங்க, அலுமாரிக்குள்ள ஆரு மௌத்து?"

டின்னைத் திறந்தேன். மௌத்தானது என் கத்திகள். அலகெல்லாம் துரு. குற்றவாளியை உடனே கண்டுபிடித்தேன்: மேல் தட்டிலிருந்த அவளுடைய தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல். புளிப்பு இறங்கித்தான் இப்படி என்று சத்தம் போட்டேன். அதன்பிறகு என் சோற்றுக் கோப்பைப் பக்கம் ஊறுகாய் வரவேயில்லை. எனக்கு அழுகையே வந்தது, கத்திக்குப் பாதி, ஊறுகாய்க்குப் பாதி.

கொழும்பில் இன்னொரு கத்திப் பைத்தியம் உண்டு, போனில்தான் பழக்கம். படம் அனுப்பினேன். குரல் பதிவு வந்தது: "நடுவில இருக்கிறது செலுலாயிட் பிடி, கற்பூரம் கலந்து செய்யிற பழைய பிளாஸ்டிக். பழசானா கெட்டுப்போய் அமில ஆவி விடும். பக்கத்தில உள்ள இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். மூடி வச்சா இன்னும் மோசம். எறிங்க, இல்லாட்டி காத்துப்படத் தனியா வைங்க."

திரும்பப் போய்ப் பார்த்தேன். மச்சானின் கத்திக்குப் பக்கத்தில் கிடந்தவைதான் அதிகம் துருப்பிடித்திருந்தன. அதன் பிடியிலும் வெடிப்பு விழுந்திருந்தது. மனைவியிடம் சொன்னேன். ஊறுகாய் நிரபராதி என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருந்தது.

"காக்கா தந்ததை எறிஞ்சிட்டு இந்த வீட்டுக்குள்ள இருந்திடுவீங்களோ?" என்றாள். "அடுத்த மாசம் வாறார். முதல்ல அதைத்தான் கேப்பார்."

எறிந்தால் மச்சானின் மனம் உடையும். டின்னில் வைத்தால் மிச்சக் கத்திகளும் போகும். கடைசியில் வெங்காயம் வந்த சிவப்பு வலைப்பையில் அதைப் போட்டு, விறாந்தைக் கம்பியில், வாவிக்காற்று நேரே அடிக்கும் இடத்தில் தொங்கவிட்டோம். இத்தனை காலமும் திட்டிய காற்றை இப்போது வா வா என்று கூப்பிட வேண்டிய கேடு எனக்கு. தெருவால் போனவர்கள் கண்ணூறு படாமலிருக்கவா என்று கேட்டார்கள். ஓம் என்றேன்.

மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றுமுன்பே அண்ணாந்து பார்த்தார். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"மற்றக் கத்தியெல்லாம் எங்க?"

"டின்னுக்குள்ள, மச்சான்."

"என்ட கத்தி மட்டும் வாசல்ல, எல்லாரும் பார்க்கவா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், வேறு காரணத்தால். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் பயணப்பையைத் திறந்தார்.

"இதுக்குச் சோடி ஒண்டு தேடித் தேடிப் பிடிச்சன்."

அதே தேன் நிறம், அதே மேகம். மனைவி அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். குசினிக்குள் போய், இருந்த வெங்காயத்தையெல்லாம் சுளகில் கொட்டிவிட்டு வெறும் வலைப்பையோடு வந்தாள்.