மூத்தவளின் பிறப்புப் பத்திரம்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபது. 1955ஆம் ஆண்டு மார்ச் மாதம், வியாழக்கிழமை. மலாக்கா பட்டணத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டவர், குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி.

“நாகமுத்து போயிட்டான் தம்பி. மரம் சீவிக்கிட்டு இருந்தவன் அப்படியே உக்காந்துட்டான். ஆஸ்பத்திரி டிரெஸர் போய்ப் பாக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஆறு மணிக்குக் கேட்டப் பூட்டிருவாங்க, அதுக்கு முன்னாடி எடுத்தாகணும். அவன் ஆளுங்க விலாசம் உங்கிட்டதான இருக்கு?”

இருந்தது. விலாசத்தோடு, குடிநுழைவு அலுவலகத்திலிருந்து செவ்வாய்க்கிழமை வந்த பதிலும் என் மேசையில் இருந்தது. சனிக்கிழமை நாகமுத்து பஸ் ஏறி வருவார், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

நாகமுத்து அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். இந்தியாவைப் பார்த்ததில்லை. மனைவி ராமாத்தாள் தாராபுரம் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்து கப்பலில் வந்தவள். இவர்களுக்கு 1936இல் ஒரு பெண் பிறந்தது. மீனம்மா என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது வயதில் காய்ச்சலில் போய்விட்டது. 1940 ஜனவரியில் மறுபடி ஒரு பெண். போனவளே திரும்பி வந்துவிட்டாள் என்று ராமாத்தாள் அவளையும் மீனம்மா என்றே கூப்பிட்டாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யாருக்கும் அது விசேஷமாகப் படவில்லை. அப்படிப் பெயர் வைத்த வீடுகள் இன்னும் இரண்டு அங்கே இருந்தன. மூத்தவளின் பிறப்புப் பத்திரத்தில் பெயர் எழுதியிருந்தது. இளையவள் பிறந்ததைப் பதிந்தபோது பெயர் முடிவாகவில்லை. ‘பெண் குழந்தை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு போய்ச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

1949இல் ராமாத்தாள் ஆறு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். புல் பிடுங்கும் வேலைக்கு மகளைச் சேர்க்கலாம் என்று நாகமுத்து நினைத்தார். ஆனால் வேலைக்குப் பேர் பதிய வயது பன்னிரண்டு முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். மீனம்மாவுக்கு ஒன்பது. அம்மாவைப் போல வளர்த்தியான பிள்ளை. நாகமுத்து தகரப் பெட்டியைத் திறந்து, மூத்தவளின் பத்திரத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கிராணியிடம் நீட்டினார். கிராணி அதில் இருந்ததை எழுதிக்கொண்டார். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அது. பன்னிரண்டு வயதானவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயம். அதே பத்திரத்தைப் பார்த்து மீனம்மாவுக்கும் ஓர் அட்டை வந்தது. படத்தில் ஒன்பது வயது, எழுத்தில் பதின்மூன்று.

அடுத்த வருடம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கங்காணியைக் காட்டிலிருந்து வந்தவர்கள் மரத்தில் கட்டிச் சுட்டார்கள். லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினார்கள். நிலைமை சரியாகும் வரைக்கும் என்று நாகமுத்து மனைவியையும் மகளையும் ராமாத்தாளின் அண்ணன் வீட்டுக்குக் கப்பலேற்றினார். திரும்பி வர அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதுவரை போனவர்கள் எல்லாம் சும்மா திரும்பி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

1953இல் புதுச் சட்டம் வந்தது. இங்கே இருப்பவனின் மனைவிக்கும் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் மட்டும் நுழைவு அனுமதி. அடுத்த ஜனவரியில் நாகமுத்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நான் விண்ணப்பப் பாரம் எழுதினேன். மகளின் வயது என்ன என்று கேட்டேன். “பதினாலு,” என்றார். பத்திரத்தையும் அடையாள அட்டை எண்ணையும் பார்த்தேன்.

“பதினேழுன்னு இருக்கே அண்ணே?”

“அது வேற பிள்ள, தம்பி.”

“பேரு மீனம்மான்னுதான இருக்கு?”

“அதுவும் மீனம்மாதான். அது செத்துப்போச்சு.”

விஷயம் எனக்குப் புரிய வெகுநேரம் ஆனது. புரிந்ததும் வக்கீலிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவசரகாலத்தில் அடையாள அட்டைக்குப் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டால் ஜெயில், ஒருவேளை நாடு கடத்தலும் உண்டு என்றார். முதலில் பத்திரத்தில் இருக்கிறபடியே அனுப்பிப் பார்ப்போம், பெரிய மனது வைத்து விட்டாலும் விடுவார்கள் என்றார். அனுப்பினோம். பிப்ரவரியில் பதில் வந்தது. மனைவிக்கு அனுமதி, ஆறு மாதத்துக்குள் வந்து சேர வேண்டும். மகளுக்கு வயது கடந்துவிட்டது.

ராமாத்தாள் யாரிடமோ சொல்லி எழுதவைத்த கடிதத்தை நாகமுத்து என்னிடம்தான் படிக்கக் கொடுத்தார். ‘வயசுப் பிள்ளையை மாமன் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்களா என்று அண்ணி கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம். வந்தால் ரெண்டு பேரும் வருவோம்.’

“நீங்களே அங்க போயிரலாமே அண்ணே?”

“அங்க எனக்கு யாரத் தம்பி தெரியும்? மச்சான் வீட்டுல வாசல் கூட்டவா? எனக்குத் தெரிஞ்சது மரம் சீவறதுதான் லா. அந்த ஊர்ல ஏது ரப்பர் மரம்?”

உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அன்றே கேட்டார். பொறுங்கள், யோசிப்போம் என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். கேட்டில் சோதனை முடிந்து, பஸ் பிடித்து, உச்சி வெயிலில் படியேறி வருவார். நாற்காலி காட்டினாலும் சுவரோரம்தான் நிற்பார். நான் ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன். பயம் அவருக்கா எனக்கா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஜூலை கடைசியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எழுதுங்க தம்பி. நாந்தான் பொய் சொன்னேன்னு எழுதுங்க. உள்ள போட்டாப் போடட்டும். அங்கயும் முள்வேலி, இங்கயும் முள்வேலி.”

சத்தியப் பிரமாணம் தயார் செய்தோம். பெயரில்லாத இரண்டாவது பத்திரத்தையும் இணைத்தோம். மூத்தவள் இறந்ததற்குச் சான்று கேட்டார்கள். தோட்டத்து மரணப் பதிவேடு ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்துவிட்டிருந்தது. கிராணி கணேசமூர்த்தி 1946இல்தான் அங்கே வேலைக்கு வந்தவர். “நான் பாக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது? பத்திரத்தக் குடுத்தான், எழுதினேன். இவன் ஒரு நாளாவது வாயத் தொறந்தானா?” என்றார். அவர் சொன்னதும் சரிதான். காகிதப்படி செத்தவள் உயிரோடு இருந்தாள், அட்டையோடு. உயிரோடு இருந்தவளுக்குப் பெயரே இல்லை.

போலீஸ் வந்து இரண்டு நாள் நாகமுத்துவை விசாரித்துவிட்டு அனுப்பியது. ஜெயிலில் போடவில்லை. விசாரணை நடக்கிறது என்று குடிநுழைவு அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தது. ஆகஸ்டில் ராமாத்தாளின் அனுமதி காலாவதியானது. நீட்டித்துத் தரும்படி எழுதினேன். பதில் இல்லை. ஜனவரி வந்தது. மீனம்மாவுக்கு உண்மையாகவே பதினைந்து முடிந்தது. அதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ‘மனு போட்ட தேதியில பதினாலுதான தம்பி’ என்று மட்டும் ஒருமுறை கேட்டார். அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். எனக்கு அது தெரியாது.

செவ்வாய்க்கிழமை வந்த பதில் அரைப்பக்கம். இரண்டாவது பத்திரத்தையே ஏற்றுக்கொண்டாலும் விண்ணப்பதாரரின் மகளுக்கு இப்போது வயது கடந்துவிட்டபடியால் மேற்கொண்டு பரிசீலிக்க ஒன்றுமில்லை. மனைவி வேண்டுமானால் புதிதாக மனுச் செய்யலாம்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் தோட்டத்துக்குப் போனபோது பாடைத் தேரைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். தாராபுரத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தேன். பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. கொள்ளி வைக்க ஆளில்லை என்று பக்கத்து வீட்டு வீராசாமி முன்னால் வந்தார். கேட்டில் நின்ற காவலர்கள் ஊர்வலத்தில் போகும் ஆட்களின் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பறையடித்துக்கொண்டு போனவர் ஒரு கையால் அட்டையை எடுத்துக் காட்டினார். ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் உள்ளே திரும்பிவிட்டோம். நான் அன்று பட்டணம் திரும்ப முடியாது. வீராசாமி, நாகமுத்துவின் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

“இங்கயே படுத்துக்குங்க தம்பி. கிண்டல் பண்ணிக்கிட்டே இருப்பேன் இவர. பொண்டாட்டி வர்றதுக்குள்ள வீட்டத் தேச்சே கரைச்சிருவீரு போலருக்கே லா, அப்படின்னு. சிரிப்பாரு. ‘உனக்கென்ன, உம் பொண்டாட்டி கூடவே இருக்கா, நீ வீட்டக் கூட்டவே வேணாம்’ அப்படிம்பாரு.”

ஒற்றை அறை. சுவரோரம் பழைய பெட்டிப் பலகைகள் நின்றன. அறையின் நடுவே பாதிதூரத்துக்கு ஒரு தடுப்பு எழும்பியிருந்தது.

“பொண்ணுக்காக,” என்றார் வீராசாமி. “போகும்போது சின்னப் பிள்ள. இப்ப பெரிய பொண்ணு, அப்பன் படுக்கற இடத்துலயே எப்படிப் படுக்கும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சாரு.”

அவர் போனபிறகு நான் அந்தத் தடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் எட்டுப் பலகைகள். ஐந்துக்குத்தான் ஆணி அடித்திருந்தது.