பல்லில் கடித்த சாவி

சாவிக்காரன் என்ற பெயரை அவள் முதன்முதலில் கேட்டது, அண்ணன் வாயெல்லாம் ரத்தமாக வாசலில் வந்து நின்ற அன்றைக்குத்தான். மூன்று தங்கைகளுக்கு மூத்தவன். பெற்ற அப்பாகூட அவன்மேல் கை வைத்ததில்லை.

"பண்ணைக்குப் புதுசா வந்திருக்கானே டிரைவர், சாவிக்காரன்னு சொல்றாங்க, அவன்தான். எல்லார் முன்னாடியும் அறைஞ்சிட்டான். பல்லு போச்சு."

கடைக்குட்டி அவள். அம்மா தடுக்கத் தடுக்க, அடுப்படியில் கிடந்த விறகுக்கட்டையோடு பண்ணைக் கொட்டகைக்குப் போனாள்.

அங்கே ஒருவன் ட்ராக்டரை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்து, உரம் தூவும் வண்டியின் முன்கம்பிக்கு நேராக நிறுத்தினான். இடையில் ஒரு ஆளையும் நிற்கவிடவில்லை. எஞ்சினை அணைத்தான். வேறு யாரும் கிளப்பிவிடாதபடி சாவியை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினான். இரண்டு வண்டியையும் இணைக்கும் இரும்புப் பின்னைச் செருகி, அது துள்ளி வெளியே வராதபடி அடியில் வளையத்தைப் பூட்டி, சங்கிலியையும் கோத்தான். ட்ராக்டர் எஞ்சினின் ஓட்டத்தில் உரத்தட்டைச் சுழற்றும் நீளமான ஷாஃப்டை மாட்டினான். பிறகு கம்பியை ஓங்கி ஒரு உதை உதைத்துப் பார்த்தான்.

அவன் நிமிர்வதற்குள் முதுகில் ஒரு போடு போட்டாள்.

"யாரும்மா நீ?"

"நீ பல்லைப் பேத்தியே, அவனோட தங்கச்சி!"

"பல்லுதானே போச்சு?" சாவியை வாயிலிருந்து எடுத்தான். "தட்டு சுத்திக்கிட்டிருக்கு. உரம் கட்டிப் போச்சுன்னு உள்ள கையை விடுறான் உங்கண்ணன். தொண்டை கிழியக் கத்துனேன், கேக்கல. அறைஞ்சதும்தான் கையை எடுத்தான். கை வேணுமா பல்லு வேணுமா, வீட்ல கேட்டுட்டு வந்து மிச்சத்தை அடி."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை மறைக்க இன்னொரு போடு போட்டாள். மறுவருஷம் அவனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்றும் அண்ணன் மாப்பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கல்யாணமாகி ஏழாம் வருஷம் சாவிக்காரர் காய்ச்சலில் படுத்தார். அப்போதும் சாவி தலையணைக்கு அடியில்தான். மழை இருட்டிக்கொண்டு வந்த மத்தியானம், அண்ணன் பின்வாசலில் வந்து நின்றான்.

"உர மூட்டையெல்லாம் பிரிச்சாச்சு. நனைஞ்சா அத்தனையும் பாழ். சாவியைக் குடு. உன் புருஷனை எழுப்பாதே, வள்ளுன்னு விழுவான்."

"எஞ்சினை நிறுத்தாம கிட்டப் போகமாட்டேன்னு சொல்லு."

"நான் என்ன பச்சப்பிள்ளையா? குடும்மா."

கொடுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில், வெளியே கேட்ட ட்ராக்டர் சத்தத்தில் சாவிக்காரர் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். "வண்டி நகரல. எஞ்சின் மட்டும் ஓடுது." தலையணையைப் புரட்டினார். அவளை ஒரு பார்வை பார்த்தார். ஓடினார்.

அதற்குள் ஷாஃப்ட் அண்ணனின் சட்டைக் கையைச் சுற்றி இழுத்துவிட்டது. சட்டையோடு தோலும், தோலோடு எலும்பும் போயிருந்தன. சாவிக்காரர் பாய்ந்து எஞ்சினை அணைத்தார். துண்டைக் கிழித்து முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். முழங்கைக்குக் கீழே கட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

அண்ணனை ஏற்றிக்கொண்டு ஜீப் போனதும், "என்னை அடிச்சுக் கொன்னுடுங்க" என்று அவள் அவர் காலில் விழுந்தாள். அவர் அவளைத் தொடவில்லை. அந்த இரும்புப் பின்னை உருவி, ட்ராக்டரின் விளக்குகளை, மீட்டரை, பானட்டை, தன் விரல்களில் தோல் கிழிந்து தொங்கும்வரை அடித்து நொறுக்கினார். நான்கு பேர் சேர்ந்துதான் அவரைப் பிடித்து இழுக்க முடிந்தது. பண்ணையில் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

சாவிக்காரர் இப்போது மச்சான் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறார். காலையில் மச்சானுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது அவர்தான்.