பியூனுக்கு ஒரு ஜாப் கார்டு

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவனல்ல. இதைச் சொல்வதில் எனக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை. ஹைதராபாத் சனத்நகரில் ஒற்றை லேத்தோடு ஆரம்பித்து, பதினாலு மெஷின் ஓடும் பட்டறையாக ஆக்கிக் காட்டியவன் நான். இன்ஜினியர்கள் கொண்டுவந்த டிராயிங்கில் தப்பைக் கண்டுபிடித்து, திருத்திக் கொண்டுவா என்று அவர்களையே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்து மாடியில் ஞாயிறு வகுப்பு எடுக்க ஆளில்லாமல் போனபோது, நான் எடுக்கிறேன் என்று கையைத் தூக்கினேன். சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த புதுக் குடும்பங்களின் பிள்ளைகள் பதினோரு பேர். தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. பாடப்புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விட்டார்கள். அதை மூடிவைத்துவிட்டு, கோயம்புத்தூர் போனபோது வாங்கிய சிறுவர் துப்பறியும் நாவலை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் அறை அலமாரியில் பூட்டிவைத்த வெள்ளிக் கோப்பை காணாமல் போகிறது. நாலு பிள்ளைகள் திருடனைத் தேடுகிறார்கள்.

கடைசி அத்தியாயத்தை இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். நானும் முன்கூட்டிப் படிக்கவில்லை. விரல் வைத்துத்தான் வாசிப்பேன். அந்த வேகம் அவர்களுக்குத் தோதாக இருந்தது. பட்டறையில் ஒவ்வொரு வேலையோடும் ஒரு ஜாப் கார்டு போகும். என்றைக்கு, எந்த மெஷினில், யார் கையில் இருந்தது என்று அதில் எழுதியிருக்கும். அதேபோல் கதையில் வரும் ஆளுக்கு ஒரு கார்டு எழுதி, பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். தன் ஆள் எந்த நாள் எங்கே இருந்தான் என்று அந்தப் பிள்ளை குறித்துவர வேண்டும். எந்த மொழியிலும் குறிக்கலாம், சண்டை போடலாம். ஆனால் யார்மேலாவது குற்றம் சொல்வதென்றால் எழுந்து நின்று தமிழில்தான் சொல்ல வேண்டும். அது என் சட்டம்.

சங்கத்தின் புதுச் செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஒரு கம்பெனியில் பெரிய மேனேஜர்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. சிலபஸ் இல்ல, டெஸ்ட் இல்ல. எம்.ஏ. படிச்ச மேடம் ஒருத்தங்க ரெடியா இருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து ஒரு கிளாஸ் பாக்கறேன், அப்புறம் நீங்களா அவங்களான்னு முடிவு பண்ணலாம்."

"தாராளமா வாங்க. முன்வரிசையிலயே சேர் போடறேன்."

அந்த ஞாயிறு டேப்பைக் கீறித் திறந்தேன். செயலாளரின் பத்து வயது மகளும் என் வகுப்புதான். ஆறு மாதமாக ஒரு வாக்கியம்கூடத் தமிழில் பேசாதவள். பியூனின் கார்டு அவளிடம் இருந்தது. நான் வாசித்தேன்: திருடன் பியூன்தான், புதன்கிழமை மதியம் சாவியைச் சோப்பில் அழுத்தி அச்செடுத்தான்.

"ஆ ரோஜு ஆயன ஊர்லோ லேடு!" என்று அவள் தெலுங்கில் கத்தினாள். அன்றைக்கு அவன் ஊரிலேயே இல்லையாம்.

"நக்கோ, தெலுங்கு வேணாம். சட்டம் என்ன? எந்திரிச்சு தமிழ்ல சொல்லு."

எழுந்தாள். கார்டைப் பார்த்தாள். "அவர் திருடல. புதன்கிழமை அவர் லீவ். அக்கா கல்யாணம். மூணாவது சாப்டர்ல இருக்கு. கதை எழுதினவர் பொய் சொல்றார்."

மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினேன். அவள் சொன்னபடியே இருந்தது.

"கண்ணா, புக்ல போட்டிருக்கறதுதான் ஆன்சர். உக்காரு," என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கய்யா. பியூன்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வகுப்பு என்னிடமே இருந்திருக்கும். எனக்கும் அது தெரியும்.

"இல்லீங்க. டிராயிங் தப்பு."

"அச்சுல வந்ததத் தப்புன்னு சொல்லிக் குடுப்பீங்களா?"

"உங்களாட்டம் படிச்சவங்க போட்ட டிராயிங்கையே திருப்பி அனுப்புனவன் நானு. இந்தப் புக்கு எந்த மூலைக்கு? பியூன்னா கேக்க ஆளில்லைன்னு மாட்டிவிட்டிருக்காங்க. உங்க புள்ள கார்டப் பாத்துக் கண்டுபுடிச்சுது. நீங்க பாக்கவே இல்ல."

மூன்றாம் நாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மேடம் வகுப்பெடுப்பார், நான் விரும்பினால் உதவிக்கு இருக்கலாம். பதிலை என் கையாலேயே எழுதினேன். உதவிக்கு ஆள் வைத்துத்தான் எனக்குப் பழக்கம், உதவிக்கு நின்று பழக்கமில்லை. புத்தகம் என்னுடையது, எடுத்துக்கொண்டேன். இனி ஞாயிறு வகுப்பு சனத்நகரில், என் பட்டறையில்.

அந்த ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள். வராத நாலு பேருக்கு நஷ்டம். ஏழாவதாக வந்தவள் செயலாளரின் மகள். அவர் வாசலில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நானும் கூப்பிடவில்லை.

அவர்கள் முன்னாலேயே அந்தக் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துக் கழிவு இரும்புத் தொட்டியில் போட்டேன். புத்தகத்தைக் கிழிக்கலாமா என்பார்கள். தப்பான பாகத்தை எந்தப் பட்டறையும் வைத்துக்கொள்ளாது.

"தாத்தா, அப்போ சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்று அவள் தமிழிலேயே கேட்டாள்.

எல்லோரும் ஹெட்மாஸ்டர் கார்டு வைத்திருந்த பையனைத் திரும்பிப் பார்த்தார்கள்.