அன்லிமிடெட் நெட்டும் பாதியில் நின்ற கையும்

மாதம் இருபதாம் தேதி வாக்கில் என் மனைவியின் முகம் சதுரம் சதுரமாக உடைய ஆரம்பிக்கும். முதலில் கன்னம், பிறகு நெற்றி, கடைசியில் கண். இங்கே குவைத்தில் மதியம் மூன்று மணி, அங்கே திண்டிவனத்தில் மாலை ஐந்தரை. என் மெஸ்ஸில் கடைசிப் பந்தி எழுந்து போன பிறகு, காலி சாம்பார் வாளியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நான் என் தட்டோடு உட்காருவேன். அங்கே கட்டில் ஓரத்தில் எங்கள் மகள் அமலி போனைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒன்றாம் தேதி பார்த்தால் புஷ்பத்தின் மூக்குத்தி மினுக்குவது வரை தெரியும். இருபது ஆகிவிட்டால் மூக்கே தெரியாது, திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஊரில் இருந்து புதிதாக வந்தவர்கள் டவர் சரியில்லை என்பார்கள். டவர் காலண்டர் பார்த்துக் கெடாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான் நான், ஆனாலும் இது தேதி வைத்துச் செய்கிற வேலை என்று இரண்டாம் மாதமே எனக்குப் பிடிபட்டுவிட்டது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளியனூர் பக்கத்துக்காரன். பெயர் அந்தோணி. ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவன் இன்று இரண்டு அடுக்களை நடத்துகிறேன், என் சோற்றைத் தின்றுவிட்டு எத்தனையோ பேர் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். படித்தவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்பார்கள். போன் விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் கட்டடத்தில் முதன் முதலில் அன்லிமிடெட் நெட் போட்டது நான். எல்லாரும் கார்டு சுரண்டிக்கொண்டிருந்தபோதே போட்டேன். அப்போது அது பெருமைக்கு. புஷ்பத்துக்குப் பக்கவாதம் வந்த பிறகு அதுவே எங்களுக்குப் பேச்சாகிவிட்டது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்து அவளை மீட்டுக் கொடுத்தார்கள். உயிர் வந்தது, வலது பக்கமும் வாயும் வரவில்லை. லீவு போட்டுப் போய் ஒரு மாதம் பக்கத்தில் இருந்தேன். அந்த மாதத்தில் நாங்களே ஒரு பாஷை செய்துகொண்டோம். இடது கையை நெஞ்சுவரை தூக்குவாள். ஒரு விரல் நீட்டினால் ஆமாம். விரல்களை விரித்துவிட்டால் வேண்டாம். வெறும் போன் பேச்சு அவளுக்கு எதற்கு? படம் இருந்தால்தான் அவள் பேசுவாள். படம் நின்றால் ஊமை.

அதனால் இரண்டாவது மாதமும் முகம் உடைந்தபோது நேராகக் கம்பெனி கவுண்டருக்கே போய்விட்டேன். ஒரு பிலிப்பைன் பெண் உட்கார்ந்திருந்தாள். என் பிளானைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நெட் கட் இல்லை சார், ஸ்லோ மட்டும்தான். ஃபேர் யூஸேஜ்" என்றாள். அப்படியென்றால் என்ன என்றேன். ஒரு அளவுக்கு மேல் எடுத்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார்களாம், மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டுமாம். அன்லிமிடெட் என்று போர்டில் எழுதியிருக்கிறதே என்று கையைக் காட்டினேன். "எஸ் சார், அன்லிமிடெட். ஸ்லோ அன்லிமிடெட்" என்று சிரித்த முகம் மாறாமல் சொன்னாள். எனக்குத் தெரிந்த அரபி, இந்தி, இங்கிலீஷ் எல்லாவற்றையும் போட்டு என் கஷ்டத்தைச் சொன்னேன். மதாம் கலாம் மாஃபி, மனைவிக்குப் பேச்சு இல்லை. வாயைத் தொட்டு, கையை ஆட்டி, விரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் அக்கறையாகத்தான் கேட்டுக்கொண்டாள். பிறகு என் போனை வாங்கி, சத்தத்தைக் கூட்டி, ஒரு பாட்டைப் போட்டுக் காதருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஸ்பீக்கர் குட் சார்" என்று திருப்பிக் கொடுத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஷுக்ரன், நன்றி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது. மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று அவள் சொன்ன வார்த்தையை அவளுக்கு முன்பே நான் சொல்லியிருக்கிறேன். தொண்ணூற்று மூன்றில், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ் ஒன்றில் நான் சப்ளையர். வாசலில் 'அளவில்லாச் சாப்பாடு' என்று சிவப்பு எழுத்தில் போர்டு. சேர்ந்த முதல் வாரமே முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தொழில் சொல்லிக் கொடுத்தார். "அந்தோணி, மூணாவது தபா சோறு கேக்குறவன்கிட்ட இல்லன்னு மட்டும் சொல்லாத. தோ வந்துகினே இருக்குதுன்னு சொல்லிட்டு அந்தாண்ட கோடியிலேருந்து மெதுவா சுத்தி வா. கை காஞ்சிச்சின்னா அவனே எழுந்துடுவான்." இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்தவன் அந்த பஸ் ஸ்டாண்டிலேயே கிடையாது. இரண்டாவது சோற்றோடு ரசத்தைச் சீக்கிரம் ஊற்றிவிடுவேன். சோற்றுப் பேசினை நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய் அடுப்போரம் நின்றுகொள்வேன். ஆறே மாதத்தில் என்னைப் பெரிய சப்ளையர் ஆக்கினார்கள்.

ஒரு நாள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தலைமுடியெல்லாம் மூட்டைத் தூசு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது முறை கேட்டார். தோ வருது என்றேன். கையை இலைக்கு மேல் தூக்கி வைத்தபடி காத்திருந்தார். நான் அந்தப் பக்கமாகச் சுற்றினேன். இன்னொரு முறை கேட்டார். உள்ளே போனேன். வெளியே வந்தபோதும் கை அப்படியே இருந்தது. விரலில் ஒட்டிய பருக்கை காய்ந்து வெள்ளையாகியிருந்தது.

"இன்னாபா, போர்டுல அளவு இல்லன்னுதானே எழுதிக்கீது?"

"அளவு யாரு வெச்சது? போட்டுகினுதான் இருக்கோம். மத்தவங்களும் துன்னணும்ல."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நேரத்துக்குப் பந்தியில் அவரையும் சேர்த்து நாலு பேர்தான். "சரி" என்று சொல்லிவிட்டு இலையை மடித்தார். அன்றைக்குச் சோறு மீந்தது. மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்தோம்.

அளவு வைப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நாற்பது பேருக்கு வடித்தால் நாற்பது பேரும் சாப்பிட வேண்டும், இது தெரியாதவன் மெஸ் நடத்த முடியாது. கம்பெனிக்காரன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கும். ஆனால் முன்பெல்லாம் அளவு முகத்துக்கு நேரே இருந்தது. நான் வந்த புதிதில் புஷ்பம் கேசட்டில் பேசி, ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். ஒரு பக்கம் அரை மணி நேரம். அவள் அதில் கால்வாசி கூடப் பேசமாட்டாள். "அவ்ளோதாங்க, சொன்னதையே எத்தினி தபா சொல்றது, வெச்சிடறேன்" என்பாள், டக்கென்று நின்றுவிடும். ஒரு விஷயத்தை இரண்டாம் முறை சொல்லும் வழக்கம் அவளுக்கு எந்நாளும் இருந்ததில்லை. மீதி டேப் சும்மா ஓடும், நானும் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். பிறகு போன் கார்டு வந்தது. நம்பரை அழுத்தியதும் ஒரு பொம்பளைக் குரல் இத்தனை நிமிஷம்தான் என்று முதலிலேயே சொல்லிவிடும். அதற்குத் தகுந்த மாதிரி முக்கியமானதை முதலில் பேசுவோம். அளவே இல்லை என்று சொன்ன பிறகுதான் எதை முதலில் பேசுவது என்று தெரியாமல் போனது.

அளவு இருக்கிறது என்று தெரிந்ததும் நானும் ஒரு காரியம் செய்தேன். என் அடுக்களையில் பன்னிரண்டு பேர். எல்லாரும் என் நெட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள், பாஸ்வேர்டு கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவனே நான்தான். அதைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டேன். அந்த மாதம் இருபத்தெட்டு வரை புஷ்பத்தின் முகம் உடையவில்லை. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் சமையல்காரர் காசிம் பாய், கோட்டக்குப்பத்துக்காரர், அவர் கூடக் கேட்கவில்லை. அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம், பேரனை அவர் போனில்தான் பார்த்திருந்தார். தன் போனில் காசு போட்டு அவர் வைத்திருந்த நெட் நாலு நிமிஷப் படத்துக்குத்தான் காணும், அதையும் அவசரத்துக்கு என்று தொடாமல் வைத்திருந்தார். ஒரு நாள் மதியம் பார்க்கிறேன், எதிரே பக்காலா என்கிற மளிகைக் கடை வாசலில், அந்த வெயிலில், தலையில் ஈரத் துண்டு போட்டுக்கொண்டு போனைக் கண்ணாடிக் கதவில் ஒட்டி வைத்து நிற்கிறார். கடைக்காரனின் வைஃபை வெளியே கொஞ்சம் கசிகிறதாம்.

"உடுங்கண்ணே, இங்க நின்னா கொஞ்சம் கிடைக்குது. பேரன் குப்புற கவுந்துட்டானாம், அத்த பாக்கலாம்னு."

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இரக்கம் என்று சொன்னால் பொய். என் கௌரவம். "உள்ள வாங்க பாய். வெயில்ல இன்னாத்துக்கு நின்னுகினு கெடக்குறீங்க? நான் போட்டுக்கிறது அன்லிமிடெட். அந்தோணி குடுத்தா அளவு பாத்தா குடுப்பான்?" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லி, பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டேன். அன்று சாயந்திரமே பன்னிரண்டு போனும் ஏறிக்கொண்டன, விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்து.

அதே சமயத்தில் கஃபீல், எனக்கு விசா கொடுத்து வைத்திருக்கிற குவைத்தி, சொல்லி அனுப்பினார். இந்த நாட்டில் நான் உண்டாக்கியது எதுவும் என் பெயரில் இல்லை. லைசென்ஸ், கட்டடம், வண்டி எல்லாம் அவர் பெயரில். இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிப்பதா, முடித்துக்கொள்வதா என்று வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். முடித்தால் முடிந்தது, இந்த வயதில் மறுபடி விசா கிடைக்காது. போய்விட்டால் நான் ஒரு வேலையும் இல்லாத கிழவன். இருந்துவிட்டால் அவள் கட்டிலில், நான் வாளியில் சாய்ந்த போனில். யாரிடமும் யோசனை கேட்காமல் வளர்ந்தவன் நான். இதை மட்டும் அவளிடம் கேட்காமல் செய்யக் கூடாது என்று தோன்றிவிட்டது. அன்றைக்குத் தேதி பதினைந்து. இருபதுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே என்கிற தைரியம்.

"அமலி, போனைத் தலகாணி மேல சாச்சி வெச்சிட்டு கொஞ்சம் அப்பால போம்மா."

"இன்னாப்பா, இந்த வயசுல ரகசியம்? சரி, பேசிக்கினு இருங்க, டீ போட்டுகினு வர்றேன்."

அவள் போனதும் நான் கேட்டேன். "புஷ்பம், நான் ஒரேடியா வந்துடட்டுமா? இல்ல இன்னும் ரெண்டு வருசம் இருக்கட்டுமா? வரட்டும்னா ஒரு விரல் காட்டு. வேணாம், இருக்கட்டும்னா விரிச்சிடு."

அவள் என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம். பிறகு போர்வையின் மேலிருந்து இடது கை எழுந்தது. நெஞ்சுவரை வந்தது. அங்கே முகம் சதுரமானது. கை நின்றுவிட்டது. ஐந்து விரலும் சேர்ந்து ஒரு மங்கலான கட்டியாக, நீட்டப் போகிறதா விரிக்கப் போகிறதா தெரியாமல் நின்றது. அதன் மேல் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

போனில் இருக்கிற எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். சாதாரண காலில் அடித்து, அமலி டீயை விட்டுவிட்டு ஓடி வந்து எடுத்ததும், அம்மா கையைப் பாரு என்று கத்தினேன். அவள் பார்த்துவிட்டு, "கை கீழதான் கெடக்குதுப்பா. இன்னாப்பா கேட்டீங்க?" என்றாள். காசிம் பாய் என் குரல் கேட்டு அடுப்பை விட்டுவிட்டு வந்து, அவசரத்துக்கு வைத்திருந்த தன் போனை நீட்டினார். அதில் படம் தெளிவாக வந்தது. புஷ்பத்தின் மூக்குத்தி தெரிந்தது. மறுபடி அதே கேள்வியைக் கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பதிலை ஒரு முறை சொல்லியாயிற்று, அவள் கணக்கில் அது முடிந்தது.

நான் பொத்தானை அமுக்கிய வேகத்தில் நின்ற கை ஒரு போட்டோவாகப் பதிவாகிவிட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். காசிம் பாய் பார்த்துவிட்டு, "வந்துடுங்கன்றாங்கண்ணே, விரலு நிமிர்ற மாதிரி இல்ல?" என்றார். அமலிக்கு அனுப்பினேன். "விரிய ஆரம்பிச்சிடுச்சி பாருங்கப்பா, இருங்கன்றாங்க" என்றாள். வியாழக்கிழமை கஃபீல் ஆபீஸில் அவரிடமும் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தன் கையை நெஞ்சுவரை தூக்கி, வ அலைக்கும் அஸ்ஸலாம் என்றார். மதாம் நலமா என்றும் விசாரித்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

இரண்டு வருஷம் வேண்டாம், ஒரு வருஷம் போடுங்கள் என்றேன். "நுஸ்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், பாதியா என்று அர்த்தம். நுஸ் என்றேன். கையெழுத்து மட்டும் எனக்கு நன்றாக வரும், போட்டேன்.

இப்போது ஒன்றாம் தேதி ஆனால் படம் கண்ணாடி மாதிரி வருகிறது. புஷ்பம் அங்கே என்னைப் பார்க்கிறாள், நான் இங்கே அவளைப் பார்க்கிறேன். அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை. அவள் இடது கை போர்வை மேல் அசையாமல் இருக்கிறது. சோறு பிசைந்த என் வலது கை தட்டுக்கு மேல் காய்ந்துகொண்டிருக்கிறது.